1961ஆம் ஆண்டுக் கணினி ஒரு பேஸ்பால் ஆட்டத்தை எப்படி நடத்தியது?

ஒன்பதாம் இன்னிங்ஸ் கேட்டது:

வணக்கம். கணினி விளையாட்டுகளின் தொடக்க காலத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் ஐபிஎம் நிறுவன ஊழியராக இருந்த ஜான் பர்ஜசன், 1960-61 காலத்தில் ஐபிஎம் 1620 என்ற கணினிக்கு ஒரு பேஸ்பால் நிரல் எழுதினார் என்று அறிந்தேன். ஓய்வு பெற்ற வீரர்களின் சிறிய பட்டியல் ஒன்றிலிருந்து பயனர் தம் அணியைத் தேர்ந்தெடுக்க, எதிரணியைக் கணினி தானே சேர்த்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன நேர்ந்தது என்பது வரிவரியாகத் தாளில் தட்டச்சாகி வரும். பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ வானொலியில் புகழ்பெற்றிருந்த ரெஜ் கார்டிக் 1961இல் இதை அடிப்படையாகக் கொண்டு ஒரு நிகழ்ச்சியையே நடத்தினாராம்.

என்னைத் தடுமாற வைப்பது அந்தக் கணினியின் அளவுதான். அதன் நினைவகம் 20,000 இலக்கங்களை மட்டுமே கொள்ளும். நிரல், வீரர்களின் விவரங்கள், தாளில் அச்சாக வேண்டிய சொற்கள் ஆகிய எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு ஆட்டம் எப்படி அடங்கியது? அதைவிட முக்கியமான ஐயம் ஒன்றும் உண்டு. சமவாய்ப்பு எண் ஒன்றை எடுத்து "ஹோம் ரன்" என்றோ "அவுட்" என்றோ அச்சிடுவதை உருவகப்படுத்துதல் என்று சொல்லலாமா, அல்லது அது வெறும் குலுக்கல் சீட்டுத்தானா? இத்தகைய நிரல்களால் பேஸ்பாலைப் பற்றி யாராவது புதிதாக எதையாவது தெரிந்துகொண்டார்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துளையட்டை எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் 20,000 என்ற எண்ணைப் பல இடங்களில் 20 கிலோபைட் என்று எழுதிவிடுகிறார்கள், அது சரியன்று. ஐபிஎம் 1620 பதின்ம இலக்கங்களைக் கொண்டு இயங்கிய கணினி. நினைவகத்தின் ஒவ்வொரு முகவரியிலும் 0 முதல் 9 வரையிலான ஓர் இலக்கம் மட்டுமே இருக்கும். எழுத்து ஒன்றைச் சேமிக்க இரண்டு இலக்கங்கள் தேவைப்படும். ஆகவே நினைவகம் முழுவதையும் எழுத்துகளுக்கே கொடுத்தாலும் 10,000 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. போதாக்குறைக்கு, இரண்டு இலக்கங்களைக் கூட்டுவதற்குக்கூட அந்த இயந்திரத்தில் தனி மின்சுற்று கிடையாது. நினைவகத்தில் வைத்திருக்கும் கூட்டல் வாய்பாட்டையும் பெருக்கல் வாய்பாட்டையும் பார்த்தே விடை சொல்லும். அந்த வாய்பாடுகளுக்கு மட்டும் 300 இலக்கங்கள் போய்விடும்.

இருந்தும் பேஸ்பால் அதற்குள் அடங்கியதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பேட்டர் அடித்துவிட்டு ஓடும் வழியில் நின்றுகொள்ள மூன்று இடங்கள் உண்டு, அவையே பேஸ்கள்; அவற்றைக் கடந்து ஹோம் பேஸுக்குத் திரும்பினால் ஒரு ரன், மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடியும். மூன்று பேஸ்களில் ஒவ்வொன்றிலும் ஓட்டக்காரர் இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம்; ஆக எட்டு நிலைகள். அவற்றோடு அவுட் எண்ணிக்கை பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற மூன்றையும் பெருக்கினால் 24 நிலைகள். இன்னிங்ஸின் எந்தக் கணத்தை எடுத்தாலும் அது இந்த 24இல் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றோடு ஸ்கோர், இன்னிங்ஸ் எண், அடுத்து ஆட வேண்டியவரின் வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்தால் ஆட்டத்தின் நிலைமை முழுவதையும் பத்துப் பன்னிரண்டு இலக்கங்களில் எழுதிவிடலாம். பந்து தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் கால்பந்தையோ, ஆடுகளத்தின் தன்மை நாளுக்கு நாள் மாறும் கிரிக்கெட்டையோ இவ்வளவு சுருக்கமாக எழுதிவிட முடியாது.

வீரர்களின் விவரங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். பெயருக்குப் பத்து எழுத்து, அதாவது 20 இலக்கங்கள். வாக் (பந்தை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), சிங்கிள், டபுள், டிரிபிள் (அடித்து முறையே முதல், இரண்டாம், மூன்றாம் பேஸை அடைவது), ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்றும் வருவது), அவுட் என்ற ஆறு முடிவுகளுக்கும் நான்கு இலக்க நிகழ்தகவு ஒவ்வொன்று, அதாவது 24 இலக்கங்கள். ஆக ஒரு வீரருக்கு 44. ஐம்பது வீரர்களை வைத்துக்கொண்டாலும் 2,200 இலக்கங்களே ஆகின்றன. நினைவகத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். உண்மையில் இடத்தை விழுங்குவது அச்சிட வேண்டிய சொற்றொடர்கள்.

நேரத்தை விழுங்குவதும் அவையே. அந்தக் கணினியின் தட்டச்சு இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துகள் அடிக்கும். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 75 பேட்டர் முறைகள், முறைக்கு 30 எழுத்துகள் என்று கொண்டால், அச்சிட மட்டுமே நான்கு நிமிடம் போல் ஆகும். கணினியின் முன் நிற்பவருக்கு அது சலிப்பூட்டும் தாமதமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இரண்டு அவுட், மூன்று பேஸ்களிலும் ஆள். அடுத்த வரி எழுத்தெழுத்தாக அடிபட்டு வருகிறது. வானொலிக்காரர் ஒருவரின் கண்ணுக்கு இது நிகழ்ச்சிக்கு ஏற்ற பொருளாகப் பட்டதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 1961இல் "பேஸ்பால்" என்ற பெயரிலேயே எம்ஐடியின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் பெர்ட் கிரீனும் அவருடைய குழுவினரும் ஒரு நிரலை உருவாக்கினார்கள். அமெரிக்கன் லீக் அணிகளின் ஒரு பருவத்து ஆட்ட விவரங்களைப் பற்றிச் சாதாரண ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அது விடை சொல்லும். அது ஆட்டத்தை நடத்தவில்லை. பெயரும் ஆண்டும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

நிகழ்தகவு எழுதியது:

"குலுக்கல் சீட்டுத்தானா" என்ற பகுதிக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

குலுக்கல் என்பது உண்மை. ஆனால் சீட்டுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு பேட்டருக்கும் வேறு, அந்த எண்ணிக்கை அவருடைய பதிவேட்டிலிருந்து வருகிறது. 1946இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் முன்வைத்து, மற்றொரு கணிதவியலாளரான வான் நாய்மனோடு சேர்ந்து வளர்த்த மான்டே கார்லோ முறையும் இதே கருத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது. நியூட்ரான் அணுவோடு மோதும்போது என்ன நேரும் என்பதை உரிய நிகழ்தகவோடு குலுக்கிப் பார்த்தார்கள். பேட்டர் பந்தை எதிர்கொள்ளும்போது என்ன நேரும் என்பதையும் அப்படியே குலுக்கலாம்.

கையால் செய்து பார்த்தால் தெளிவாகும். ஒரு கற்பனைப் பேட்டரின் அட்டவணை இப்படி இருப்பதாகக் கொள்வோம். நான்கு இலக்க எண் 0000 முதல் 0999 வரை வந்தால் வாக். 1000 முதல் 2599 வரை சிங்கிள். 2600 முதல் 3049 வரை டபுள். 3050 முதல் 3099 வரை டிரிபிள். 3100 முதல் 3399 வரை ஹோம் ரன். அதற்கு மேல் எல்லாம் அவுட். எளிமைக்காக ஒன்பது பேருக்கும் இதே அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்கள் வேண்டும். கணினியிடம் உண்மையான தற்செயல் என்பது கிடையாது. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிட்டுத்தான் அது தர முடியும். வான் நாய்மன் சொன்ன மிக எளிய வழி, எண்ணை வர்க்கமாக்கி நடுவில் உள்ள நான்கு இலக்கங்களை எடுப்பது. பர்ஜசன் இதைத்தான் பயன்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. தாளும் பேனாவும் போதும் என்பதால் விளக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 1971 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம். அதன் வர்க்கம் 03884841. நடு நான்கு இலக்கங்கள் 8848. முதல் பேட்டர் அவுட். 8848இன் வர்க்கம் 78287104, நடுவில் 2871, இரண்டாமவர் டபுள் அடித்து இரண்டாம் பேஸில் நிற்கிறார். 2871இன் வர்க்கத்திலிருந்து 2426 கிடைக்கிறது, மூன்றாமவர் சிங்கிள். அடுத்து 8854, அவுட். அதற்கடுத்து 3933, மீண்டும் அவுட். இன்னிங்ஸின் ஒரு பாதி முடிந்தது. ஐந்து பெருக்கல்களில் நீங்கள் கையாலேயே அரை இன்னிங்ஸ் பேஸ்பாலை நடத்திவிட்டீர்கள்.

இந்த முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அக்காலத்தில் நிரல் எழுதிய ஒவ்வொருவரும் இதோடு போராடினார்கள். 2100 என்ற எண் எங்காவது வந்துவிட்டால் அடுத்தது 4100, அதற்கடுத்தது 8100, பிறகு 6100, பிறகு மறுபடி 2100. நம் அட்டவணையில் இதன் பொருள் சிங்கிள், அவுட், அவுட், அவுட். அதாவது அந்தக் கணத்திலிருந்து ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஒரே ஒரு சிங்கிள், பிறகு மூன்று அவுட். ஸ்கோர் சமமாக இருந்தால் ஆட்டம் முடியவே முடியாது. 1949இல் டெரிக் லேமர் முன்வைத்த வேறொரு முறை, முந்தைய எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, மற்றொரு மாறிலியால் வகுத்து மீதியை எடுப்பது; இது பிற்காலத்தில் பரவலாக நிலைபெற்றது. அதிலும் மாறிலிகளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆபத்துத்தான். 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவிய ரேண்டு என்ற நிரல் தரும் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளிகளாகக் குறித்தால், அவை அனைத்தும் வெறும் 15 தளங்களில் போய் அடுக்கிக்கொள்ளும்.

பகடைக்காரர் எழுதியது:

மேலே உள்ள விளக்கங்கள் சிறப்பாக உள்ளன. ஆனால் இரண்டு பதில்களிலும் பந்தை எறியும் பிட்சர் என்ற ஒருவர் இல்லவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? என்னைப் பொறுத்தவரை தொடக்க கால உருவகப்படுத்துதலின் உண்மையான சிக்கல் நினைவகமும் அன்று, சமவாய்ப்பு எண்ணும் அன்று. சிறந்த பேட்டர் ஒருவரும் சிறந்த பிட்சர் ஒருவரும் எதிரெதிரே வரும்போது எந்த நிகழ்தகவைப் பயன்படுத்துவது என்பதுதான்.

இந்தச் சிக்கலைக் கணினிக்கு முன்பே பலகை விளையாட்டுக்காரர்கள் எதிர்கொண்டிருந்தார்கள். மேஜர் லீக்கில் ஆடியவரான ஈத்தன் ஆலன் வடிவமைத்து 1941இல் வெளிவந்த ஆல்-ஸ்டார் பேஸ்பாலில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தகடு உண்டு. அதன் விளிம்பு அவருடைய ஹோம் ரன், சிங்கிள், அவுட் விகிதங்களுக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டிருக்கும். முள்ளைச் சுழற்றினால் முடிவு. பிட்சருக்கு அங்கே இடமில்லை. 1951இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து ரிச்சர்ட் சைட்ஸ் வெளியிட்ட ஆப்பாவில், ஒரு பெரிய பகடையும் ஒரு சிறிய பகடையும் தரும் 36 முடிவுகளைப் பேட்டரின் அட்டையில் பார்க்க வேண்டும். பிட்சருக்கு ஒரு தரவரிசை எழுத்து மட்டும் உண்டு, தரம் உயர்ந்தவராக இருந்தால் சில ஹிட்கள் அவுட்டாக மாறும். 1961இல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் பிட்சருக்கும் முழு அட்டை கிடைத்தது. ஒரு பகடை 1, 2, 3 காட்டினால் பேட்டரின் அட்டையையும், 4, 5, 6 காட்டினால் பிட்சரின் அட்டையையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பேட்டர் அடிக்க வந்த முறைகளில் ஹிட் ஆனவற்றின், அதாவது அடித்துப் பேஸை அடைந்தவற்றின், பங்கே இங்கே சராசரி; லீக் சராசரி 0.250 என்று கொள்வோம். பேட்டரின் சராசரி 0.300, பிட்சர் சற்று மோசமானவர், அவருக்கு எதிராகப் பேட்டர்கள் 0.300 அடிக்கிறார்கள். இருவரும் சந்தித்தால் என்ன சராசரி வரும்? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பவர் 0.300 என்பார். அது தவறு. அந்தப் பேட்டர் எடுத்த 0.300, நடுத்தரப் பிட்சர்களுக்கு எதிராக எடுத்தது. மோசமான பிட்சர் கிடைத்தால் இன்னும் அதிகமாகவே அடிப்பார். 1980களின் தொடக்கத்தில் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸின் ஆண்டு நூல்களில் வந்த சூத்திரம், சாதக பாதக விகிதங்களைப் பெருக்கி லீக்கின் விகிதத்தால் வகுக்கிறது. 0.300 என்றால் எழுபதுக்கு முப்பது, அதாவது 0.4286, அதை அதனாலேயே பெருக்கி, லீக்கின் விகிதமான 0.3333ஆல் வகுத்தால் 0.551, அதைச் சராசரியாக மாற்றினால் 0.355.

இப்போது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் அட்டையைப் பாருங்கள். பாதி நேரம் சராசரிப் பிட்சரின் அட்டைதான் படிக்கப்படும் என்பதால், 0.300 பேட்டரின் சொந்த அட்டையில் 0.350 என்று எழுதினால்தான் பருவ முடிவில் கணக்கு 0.300 வரும். பிட்சரின் அட்டையிலும் அதே காரணத்தால் 0.350. இருவரும் சந்தித்தால் எந்த அட்டையைப் படித்தாலும் 0.350. சூத்திரம் தரும் 0.355க்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது! ஒரு பகடையை உருட்டி அட்டையைத் தேர்ந்தெடுக்கும் எளிய வழி, எந்தப் பெருக்கலும் இல்லாமல் இதைச் சாதித்துவிடுகிறது.

இந்தப் பலகை விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களே கணினிக்கு வந்தார்கள். கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் மாணவராக இருந்த டான் டாக்லோ 1971இல் பிடிபி-10 கணினியில் எழுதிய பேஸ்பால் நிரல் அத்தகையது. கோப்பின் பெயருக்கு ஆறு எழுத்துகளே அனுமதி என்பதால் அதைச் சுருக்கியே பதிந்தார்கள். பர்ஜசனின் நிரலில் அணியைத் தேர்ந்தெடுத்த பிறகு பயனர் பார்வையாளர் மட்டுமே. டாக்லோவின் நிரலில் அவர் அணி மேலாளர். பிட்சரை எப்போது மாற்றுவது என்பது போன்ற முடிவுகளை ஆட்டத்தின் நடுவே அவர் எடுக்கலாம். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தின் ஆவணங்களில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. டாக்லோ பிற்காலத்தில் வணிக நோக்கிலான பேஸ்பால் விளையாட்டுகளையும் உருவாக்கினார்.

ஒன்பதாம் இன்னிங்ஸ் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நிகழ்தகவு அவர்கள் சொன்னபடி 1971இலிருந்து நானும் தாளில் பெருக்கிப் பார்த்தேன். எண்கள் அப்படியே வந்தன. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இரண்டாமவர் டபுள் அடித்து இரண்டாம் பேஸில் நிற்கும்போது மூன்றாமவர் சிங்கிள் அடிக்கிறார். இரண்டாம் பேஸில் இருந்தவர் ஹோம் பேஸை அடைந்தாரா, மூன்றாம் பேஸிலேயே நின்றாரா? அட்டவணை அதைச் சொல்லவில்லையே. அந்த அரை இன்னிங்ஸில் ஒரு ரன்னா, ரன்னே இல்லையா?

மூன்றாம் பேஸ் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இங்கேதான் நான் பல வாரங்களைச் செலவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 1960களின் பாணியில், பேட்டரின் பதிவேட்டை மட்டும் கொண்டு இயங்கும் நிரல் ஒன்றை எனக்காகவே எழுதினேன். சிங்கிள் என்றால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், டபுள் என்றால் இரண்டு, என்று விதி வைத்தேன். ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தபோது ஹிட்களின் எண்ணிக்கை பதிவேட்டோடு சரியாகப் பொருந்தியது. ரன்கள் மட்டும் தொடர்ந்து குறைவாகவே வந்தன. பெருக்கலில் பிழையோ என்று பல நாள் தேடினேன். பிழை அங்கே இல்லை. உண்மையான ஆட்டத்தில் சிங்கிள் அடிக்கப்பட்டால் இரண்டாம் பேஸில் இருப்பவர் பெரும்பாலும் ஹோம் பேஸுக்கே ஓடிவிடுகிறார். அதிலும் இரண்டு அவுட் ஆகியிருந்தால் பந்து அடிபட்ட கணமே ஓடத் தொடங்குவார், ஏனென்றால் பிடிபட்டால் எப்படியும் இன்னிங்ஸ் முடிந்துவிடும். என் விதி ஒவ்வொரு முறையும் அவரை மூன்றாம் பேஸில் நிறுத்தி வைத்தது. அதைத் திருத்தியதும் ரன்கள் மிகுந்துவிட்டன, ஏனென்றால் ஒரே அடியில் இருவர் அவுட்டாகும் டபுள் பிளேயை நான் சேர்க்கவே இல்லை. முதல் பிழையை இரண்டாம் பிழை பாதி மறைத்துக்கொண்டிருந்தது. முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதியை ஆடுவதில்லை என்பதைக்கூட மறந்திருந்தேன்.

தொடக்க காலத்தினருக்கு இது இன்னும் கடினம். செய்தித்தாள்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஸ்கோர் அட்டவணைகள் வந்துகொண்டிருந்ததால், யார் எத்தனை டபுள் அடித்தார் என்பது தெரியும். ஆனால் ஓட்டக்காரர் எந்தப் பேஸிலிருந்து எந்தப் பேஸுக்கு நகர்ந்தார் என்பதை யாரும் தொகுத்து வெளியிடவில்லை. அதை அறிய வேண்டுமானால் யாராவது ஆட்டங்களை உட்கார்ந்து குறித்தாக வேண்டும். கனடாவின் தேசியப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் லிண்ட்சி அப்படித்தான் செய்தார். அவருடைய தந்தை சார்ல்ஸ் லிண்ட்சி பொறுமையோடு குறித்துத் தந்த ஆட்ட விவரங்களின் துணையுடன், 24 நிலைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன்கள் வரும் என்ற அட்டவணையை 1963இல் வெளியிட்டார். அதற்கு அடிப்படை 1959, 1960 ஆண்டுகளின் 373 ஆட்டங்கள்.

நீங்கள் கேட்ட "புதிதாக என்ன தெரிந்துகொண்டார்கள்" என்பதற்கு விடை அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. அவுட் எதுவும் இல்லாமல் முதல் பேஸில் ஓர் ஆள் இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய ரன்கள் 0.813. பேட்டர் தம்மைத் தியாகம் செய்து பன்ட் ஆடினால், அதாவது பந்தை மெல்லத் தட்டிவிட்டால், ஓட்டக்காரர் இரண்டாம் பேஸுக்குப் போவார், ஓர் அவுட் ஆகியிருக்கும். அந்த நிலையின் மதிப்பு 0.671. அதாவது பன்ட் வெற்றிகரமாக நடந்தாலும் அணி இழக்கிறது. ஒரு ரன்னாவது எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், கடைசி இன்னிங்ஸில் ஒரே ரன் போதும் என்ற நிலையில் மட்டும் அதற்கு நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக மேலாளர்கள் முதல் இன்னிங்ஸிலேயே செய்துவந்த ஒன்றைப் பற்றி இப்படிச் சொல்ல முடிந்தது சிறிய செய்தியன்று.

லிண்ட்சி எண்ணிப் பார்த்துச் சொன்னார். உருவகப்படுத்திப் பார்த்தும் சொன்னவர்கள் உண்டு. ஹார்லன் மில்ஸ், எல்டன் மில்ஸ் சகோதரர்கள், ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையிலும் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணினியில் ஆட்டங்களை நடத்திக் கண்டறிந்து, அதைக் கொண்டு 1969 பருவத்தின் வீரர்களை மதிப்பிட்டு 1970இல் வெளியிட்டார்கள். 1974இல் ஆலன் ஃப்ரீஸ், பேட்டிங் வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று அறிய 200,000 ஆட்டங்களைக் கணினியில் நடத்தினார். நிலத்தடி நீரியலில் பெரும் பெயர் பெற்றவர் அவர். பாறை இடுக்குகளில் நீர் நகர்வதைக் கணக்கிட்ட அதே கை இதையும் செய்திருக்கிறது. மேலாளர்கள் வழக்கமாக அமைக்கும் வரிசைக்கும் மிக மோசமான வரிசைக்கும் இடையே, 162 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவத்தில் மூன்று வெற்றிகள் அளவுக்கே வேறுபாடு என்று அவர் கண்டார்.

ஏன் அத்தனை ஆட்டங்கள் என்று தோன்றலாம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் ரன்களின் திட்ட விலக்கம் ஏறத்தாழ மூன்று. ஆயிரம் ஆட்டங்கள் நடத்தினால் சராசரியில் 0.1 ரன் அளவுக்குப் பிழை இருக்கும். வரிசை மாற்றத்தின் விளைவு அதற்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். இரண்டு லட்சம் ஆட்டங்களில் பிழை 0.007க்குக் குறைகிறது. துளையட்டை அவர்கள் கணக்கிட்ட நான்கு நிமிடத் தட்டச்சோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: அச்சிடாமல் முடிவை மட்டும் எண்ணிக்கொள்ளும் வேகமான இயந்திரம் வந்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே வழி பிறந்தது.

இனி உங்கள் அரை இன்னிங்ஸுக்கு வருகிறேன். "சிங்கிள் அடித்தால் இரண்டாம் பேஸில் இருப்பவர் ரன் எடுப்பார்" என்று விதி வைத்தால் ஒரு ரன். ஆனால் ஓட்டக்காரருக்கும் ஒரு குலுக்கல் தர வேண்டும் என்று முடிவு செய்து, எண் 6000க்குக் கீழே வந்தால் ஹோம் பேஸ், இல்லையென்றால் மூன்றாம் பேஸ் என்று வைத்துப் பாருங்கள். 2426 என்ற சிங்கிளுக்கு அடுத்த எண்ணான 8854 இப்போது பேட்டருக்குப் போகாது, ஓட்டக்காரருக்குப் போகும். அவர் மூன்றாம் பேஸில் நின்றுவிடுகிறார். நான்காம் பேட்டருக்கு 3933, அவுட். ஐந்தாமவருக்கு, 3933இன் வர்க்கமான 15468489இன் நடுவிலிருந்து 4684, அவரும் அவுட். மூன்றாம் பேஸில் ஓர் ஆள் காத்திருக்க, ரன் எதுவும் இல்லாமல் இன்னிங்ஸ் முடிகிறது.